இரண்டு பேரும் விட்ட ஒரே வரி

என்னுடைய எஸ்.எஸ்.எல்.சி., பி.யு.சி., பி.ஏ. மார்க்ஸ் கார்டுகள் மூன்றும் ஒன்றே முக்கால் வருஷம் ஓர் இரும்பு பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. பீரோ மேனேஜரின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அதற்குள் ஒரு பழுப்பு உறை, உறைமேல் என் பெயர், அதற்கு மேலும் கீழும் இன்னும் இருபத்து மூன்று பேருடைய உறைகள். அவர் ஸ்டேப்ளர் பின் எடுக்க பீரோவைத் திறக்கும்போதெல்லாம் என் கண் நேராக அந்த அடுக்குக்குத்தான் போகும். என் உறையின் மூலை ஒன்று மடங்கியிருந்தது. அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.

யாரும் பிடுங்கி வைத்துக்கொள்ளவில்லை. நானேதான் கொடுத்தேன். வேலைக்குச் சேருகிற அன்று மூன்று வருஷ பாண்ட் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று வருஷம் முடியும்வரை ஒரிஜினல்கள் கம்பெனியிடம் இருக்கும் என்று அதில் எழுதியிருந்தது. தொண்ணூறுகளில் மைசூரில் கம்ப்யூட்டர் வேலை என்றால் ஏதோ அரண்மனையில் வேலை என்கிற மாதிரி பேசினார்கள். என் அம்மாவுக்கு அக்கம்பக்கத்தில் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கவில்லை. நானும் பேனாவை வாங்கி, படித்துக்கூடப் பார்க்காமல் போட்டேன். பி.ஏ.வில் ஆங்கில இலக்கியம் படித்தவள், இரண்டு பக்கப் பத்திரத்தைப் படிக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கம்பெனி சரஸ்வதிபுரத்தில் ஒரு வீட்டு மாடி. ஏசி குளிர் வெளியே போகக் கூடாது என்று ஜன்னல்களை எல்லாம் தெர்மோகோல் வைத்து அடைத்திருந்தார்கள். வெளியே மழையா வெயிலா என்று சாயங்காலம் படியிறங்கும்போதுதான் தெரியும். காலை ஒன்பதுக்கு கிரில் கதவைப் பூட்டுவார்கள். டாய்லெட் போவதற்கும் ஒரு நோட்டில் நேரம் எழுதிவிட்டுப் போக வேண்டும். முதல் மாதமே நான் அந்த நோட்டில் ‘வயிற்று வலி, விவரம் வேண்டுமா?’ என்று எழுதி வைத்துத் திட்டு வாங்கிக்கொண்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது எல்லா இடத்திலும் நீளம் இல்லை என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

வேலை என்னவென்றால், வெளிநாட்டுப் புத்தகங்களை எழுத்துக்கு எழுத்து கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பது. ஒரே பக்கத்தை இரண்டு பேர் அடிக்க வேண்டும். ஒருவர் ஏ அறையில், இன்னொருவர் பி அறையில். நடுவில் பிளைவுட் தடுப்பு. எங்கள் ஏ அறைக்கு முன்பக்கப் படி, பி அறைக்குப் பின்பக்கப் படி. சாப்பாட்டு நேரம்கூட வேறு வேறு. என் பக்கத்தை அந்தப் பக்கம் யார் அடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியக் கூடாது, அவருக்கும் தெரியக் கூடாது. சாயங்காலம் இரண்டு பேர் அடித்ததையும் கம்ப்யூட்டர் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும். எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே சிவப்புக் கோடு விழும். அதை மட்டும் மேனேஜர் அச்சுப் பக்கத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவார். ஒத்துப்போன இடத்தை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். இரண்டு பேர் ஒரே இடத்தில் ஒரே தப்பைச் செய்யமாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் அந்த வியாபாரமே நடந்தது.

“படிக்காதீங்க. பாருங்க, அடிங்க.” மேனேஜர் தினமும் காலையில் சொல்லுகிற வேதம் இதுதான். அவர் மூன்று தலைமுறையாக மைசூரில் இருக்கிற தமிழர். எங்களிடம் தமிழ், கன்னடம், இங்கிலீஷ் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுப் பிசைந்து பேசுவார். கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டி கொடுத்தார், எங்கள் அப்பா காலமானபோது வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்துவிட்டுப் போனார். ஆனால் அவர் சொன்னது உண்மை. படிக்கிறவர்களுக்குத்தான் அந்த வேலையில் தப்பு வரும். படித்தால் அர்த்தம் வரும், அர்த்தம் வந்தால் கை முந்திக்கொள்ளும். நான் படிப்பேன். அதனால் என் பெயருக்கு நேரே சிவப்பு அதிகம்.

பி அறையில் சிவப்பே இல்லாத கை ஒன்று இருந்தது. கொள்ளேகாலத்துப் பெண். என்னைவிட மூன்று வயது சின்னவள். பி.யு.சி. முடித்துவிட்டு வந்தவள். நஞ்சன்கூடு ரோட்டில் மாமா வீட்டில் தங்கியிருந்தாள், மாமாவுக்கு அங்கே ஒரு ஆலையில் வேலை. அவளும் நானும் ஒரே பஸ்ஸில் போவோம். முதல் நாள் பஸ் ஸ்டாப்பில் நான் யாரையோ தமிழில் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டு, “ஏனுங்க்கா, நீங்க தமிழுங்களா?” என்று அவளாக வந்து ஒட்டிக்கொண்டாள். அவள் பேசுகிற தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரு ‘ங்க’ உண்டு. பஸ்ஸைக்கூட ‘வந்துருச்சுங்க’ என்பாள். எழுதச் சொன்னால் கன்னடம்தான் வரும், தமிழ் எழுத்து தெரியாது.

ஏ அறையும் பி அறையும் வேலையைப் பற்றிப் பேசக் கூடாது என்பது சட்டம். நாங்கள் பேசவில்லை, முதல் ஒன்றரை வருஷம். அவள் தன் நாட்கணக்கைச் சொல்லுவாள். என்னைவிட முன்னால் சேர்ந்தவள் என்பதால் அவள் பாண்ட் முன்னால் முடியும். முடிந்ததும் உறையை வாங்கிக்கொண்டு நர்சிங் சேர வேண்டும், அதுதான் அவள் உலகம். “இன்னும் ஒரு வருசமுங்க்கா”, “இன்னும் எட்டு மாசமுங்க்கா” என்று குறைத்துக்கொண்டே வருவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குக் குறைக்க அவ்வளவு சின்ன எண் கையில் இல்லை.

அப்போதுதான் இத்தாலிய அகராதி வந்தது. இடது பக்கம் இத்தாலியச் சொல், வலது பக்கம் ஆங்கில அர்த்தங்கள். எங்கள் யாருக்கும் இத்தாலி எந்தத் திசையில் இருக்கிறது என்பதே சரியாகத் தெரியாது. அதனால் மேனேஜருக்கு ரொம்ப சந்தோஷம். “யாரும் படிக்க முடியாது, தப்பே வராது” என்றார். வலது பக்கத்தை நான் படிப்பேன் என்பதை மறந்துவிட்டார்.

முதல் வாரத்திலேயே, ஏ எழுத்தின் ஆரம்பப் பக்கங்களிலேயே, அந்த வினைச்சொல் வந்தது. அப்பஸ்ஸாரே. நாங்களாக வைத்துக்கொண்ட உச்சரிப்பு அது. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு பத்தி நிறைய அர்த்தம். டு லோவர், டு லெட் டவுன், டு ரெட்யூஸ். கொடியை இறக்குவதற்கு அதுதான், விலையைக் குறைப்பதற்கு அதுதான், விளக்கைத் தணிப்பதற்கும் ரேடியோ சத்தத்தைக் குறைப்பதற்கும் அதுதான். கண்ணைத் தாழ்த்து, குரலைத் தாழ்த்து, காரின் முன்விளக்கைக் கீழே இறக்கு, ஜன்னல் கண்ணாடியை இறக்கு. காய்ச்சலை இறக்குவதும் அதில் இருந்தது. ஒரு மொழியில் ஒரே சொல்லை இத்தனை பேர் சேர்ந்து கீழே இழுத்திருக்கிறார்களே என்று நினைத்துக்கொண்டே அடித்தேன். படிக்கக் கூடாது என்ற சட்டத்தை மீறி, ரசித்து ரசித்துப் படித்துக்கொண்டுதான் அடித்தேன்.

அன்று பஸ்ஸில் அவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு, “கண்ணு பூத்துப் போச்சுங்க்கா. இன்னிக்கு முச்சூடும் எறக்கு, எறக்கு, எறக்குன்னே அடிச்சனுங்க” என்றாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். “கொடியை எறக்கறது?”

“ஆமாங்க்கா. வெளக்கு, ரேடியோ, காருகூட.”

“அடிப்பாவி! அப்ப என் பக்கம் உங்கிட்டதான் இருக்கு.”

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஒரு வருஷத்துக்கு மேலாகத் தடுப்புக்கு அந்தப் பக்கம் என்னோடு கூடவே அடித்துக்கொண்டிருந்த கை இவளுடையதா என்று எனக்கு ஒரே சந்தோஷம். அந்த மாடியில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான் என்று நினைக்கிறேன். கண்டக்டர் வந்து, “இளீரி, இளீரி, ஸ்டாப் பந்தாய்த்து” என்று இறங்கச் சொன்னபோது அவள், “அக்கா, இவருமுங்க!” என்றாள். நான் சிரித்துக்கொண்டே இறங்கினேன். பின் இருக்கையில் எங்கள் ஆபீஸ் சூப்பர்வைசர் உட்கார்ந்திருந்ததை இறங்கிய பிறகுதான் பார்த்தேன். அவர் எதுவும் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை வீட்டுக்குத் தபால் வந்தது. பி.எட். சேர்க்கைக்கு என் பெயர் வந்திருக்கிறது. அடுத்த வாரத்துக்கு மறு வாரம் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரிஜினல் மார்க்ஸ் கார்டுகளோடு நேரில் வர வேண்டும். ஒரிஜினல் இல்லாதவர்களுக்கு இடம் கிடையாது. கடைசி வரியை மட்டும் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

டீச்சராக வேண்டும் என்பது எனக்குப் பதினான்கு வயதில் வந்த ஆசை. போன வருஷம் விண்ணப்பித்தும் பெயர் வரவில்லை. அம்மா சொல்லிவிட்டாள், இந்த வருஷமும் வராவிட்டால் கிருஷ்ணகிரியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற சம்பந்தத்தை முடித்துவிடுவது என்று. அந்த மாப்பிள்ளையை நான் ஒருதரம் பார்த்திருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் எங்கள் வீட்டு ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனவர். பி.எட். கிடைத்தால் தப்பித்தேன்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் போனேன். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள் கொடுங்கள் சார், காட்டிவிட்டு மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன். பியூன் வேண்டுமானாலும் கூட வரட்டும் என்றேன்.

“சேர்ந்துட்டா அங்கயே ஒரிஜினல் வாங்கிப்பாங்கம்மா. எனக்குத் தெரியாதா? அப்புறம் நீ திரும்பி வருவியா?” என்றார்.

“அது என் படிப்பு சார்.”

“கையெழுத்தும் உன்னுதுதானே?”

நான் கத்தினேன். எங்கே வேண்டுமானாலும் போய்ச் சொல்லுவேன் என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை. “நோடம்மா, பாரு, இன்னும் ஒண்ணேகால் வருஷம். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடும்” என்று சொல்லிவிட்டுப் பேப்பரைப் பார்க்க ஆரம்பித்தார். பீரோ அவர் முதுகுக்குப் பின்னால் கையெட்டுகிற தூரத்தில் இருந்தது. தள்ளிவிட்டுத் திறந்துவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. சாவி அவர் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவளிடம் பஸ்ஸில் சொன்னபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நானு குடுத்தர முடிஞ்சா என்ற உறையக் குடுத்துருவனுங்க்கா” என்றாள். அவள் உறையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆனாலும் அப்படிச் சொன்னாள்.

அடுத்த திங்கட்கிழமை, வியாழனுக்கு மூன்று நாள் இருக்கும்போது, வெளிநாட்டிலிருந்து ஃபேக்ஸ் வந்தது. நாங்கள் அனுப்பிய அகராதிப் பக்கங்களை அங்கே யாரோ சரிபார்த்திருக்கிறார்கள். அப்பஸ்ஸாரேயில் ஒரு வரி இல்லை. கடைசிப் பகுதியில், தன்னைத்தானே செய்துகொள்வதைச் சொல்லுகிற இடத்தில், மூன்று வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒரே வார்த்தையில் முடிந்தன. டு லோவர் ஒன்செல்ஃப், டு ஹம்பிள் ஒன்செல்ஃப், டு டிமீன் ஒன்செல்ஃப். தன்னைத் தாழ்த்திக்கொள், தன்னை எளிமையாக்கிக்கொள், தன்னைச் சிறுமைப்படுத்திக்கொள். இதில் நடுவரியை இரண்டு பேருமே விட்டுவிட்டோம். முதல் வரியை அடித்துவிட்டுத் தலையைத் திரும்பப் பக்கத்துக்குக் கொண்டு போகும்போது கண் முதல் ‘ஒன்செல்ஃப்’புக்குப் பதிலாக இரண்டாவதில் போய் உட்கார்ந்திருக்கிறது. எனக்கும் அப்படியே, அவளுக்கும் அப்படியே. இரண்டும் ஒத்துப்போனதால் கம்ப்யூட்டர் வாயைத் திறக்கவில்லை.

இதை இன்றைக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லுகிறேன். அன்றைக்கு மேனேஜர் முன்னால் ஒரே வரிதான் வந்தது.

செவ்வாய்க்கிழமை எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டார். என்னை முதலில். “ரெண்டு பேரும் ஒரே எடத்துல எப்படிம்மா விட்டீங்க? சான்ஸே இல்ல. நீங்க பஸ்ல இந்த வார்த்தையப் பத்திப் பேசிச் சிரிச்சத சூப்பர்வைசர் பார்த்திருக்கார்” என்றார்.

“பேசினோம் சார். அடிச்சு முடிச்சதுக்கு அப்புறம் பேசினோம். கண்ணு வரி தாண்டிடுச்சு, அவ்வளவுதான்.”

“இதை நான் கிளையன்ட்டுக்கு எழுத முடியுமா? ரெண்டு கண்ணு ஒரே எடத்துல தாண்டும்னு எழுதினா என் மெத்தடே தப்புன்னு ஆயிடும். ஆயிரம் பக்கத்தையும் திரும்ப அடின்னுவான். காப்பியடிச்சிருந்தாங்க, ஆளை அனுப்பிட்டோம்னு எழுதினா இந்த ஒரு பக்கத்தோட போயிடும்.” பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி, எனக்குத் தெரிய வேண்டும் என்றே பீரோவை விரலால் தட்டினார். “டிஸ்மிஸ் பண்ணினவங்க சர்டிஃபிகேட்டை நான் வெச்சுக்க முடியாது. பாண்ட் முடிஞ்சுபோச்சு. புரியறதா?”

புரிந்தது.

“ஒரு லெட்டர். என்ன நடந்ததுன்னு. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள. அவகிட்டயும் ஒண்ணு கேக்கறேன்.”

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் அவள் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் பயமே இல்லை. அவளிடமும் அதே மாதிரி பேசியிருக்கிறார், ஆனால் பீரோவைத் தட்டவில்லை. அவளுக்கு இன்னும் நாலே மாதம்தான் பாக்கி.

“நெசத்தையே எழுதிருவமுங்க்கா. கண்ணு தவறுனதுக்கு யாரு என்ன பண்ணுவாங்க? ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா நம்பித்தானுங்க ஆகோணும்.”

“ஆமாம்” என்றேன்.

“நெசத்தச் சொன்னா உங்க உறையக்கூட குடுத்தாலும் குடுத்துருவாருங்க. மனசு எளகிரும்.”

“ஆமாம்” என்றேன் மறுபடியும்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “எழுதிக் குடுத்துட்டு வாங்கிட்டு வாடி. காயிதம்தானே. உன் நெத்தியிலயா ஒட்டப்போறாங்க?” என்றாள். “அந்தப் பொண்ணுக்கு என்னாகும்மா?” என்று கேட்டேன். “நீ இங்கயே கெடந்து அழுகினா மட்டும் அவளுக்கு என்ன ஆகப்போகுது?” என்றாள். நான் அம்மாவைத் திட்டினேன். இரக்கமில்லாதவள் என்றேன். திட்டிக்கொண்டே மனசுக்குள் முதல் வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதுதான் உண்மை, அதை மறைத்து என்ன பிரயோஜனம்?

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் மேனேஜர் அறையில் உட்கார்ந்து எழுதினேன். அவரே வெள்ளைத் தாள் கொடுத்தார். என் ஆங்கிலம் எப்போதும் நன்றாக இருக்கும். ‘நாங்கள் விதியை மீறி’ என்று ஆரம்பித்து, பக்கத்தை வெளியே கொண்டுபோய்ப் பகிர்ந்துகொண்டோம் என்பதுவரை வந்துவிட்டேன். அங்கே பேனா நின்றது.

“யார் யாருக்குக் காட்டினது?” என்றார் அவர். “அதை நான் சொல்லித் தரமாட்டேன். அது உன் இஷ்டம்.”

நான் காட்டினேன் என்று எழுதியிருக்கலாம். அப்படி எழுதினாலும் என்னை அனுப்பத்தான் போகிறார், உறை கிடைக்கத்தான் போகிறது. எனக்கு அது தெரியும். ஆனால் ஒழுக்கச் சான்றிதழ் என்று ஒன்று உண்டே, பி.எட். காலேஜில் கேட்பார்களே, இந்த லெட்டர் நாளைக்கு எங்கேயாவது போய் நின்றால் என்ன செய்வது என்று ஒரு பயம். அந்தப் பயத்தில் எழுதினேன். பி பிரிவுப் பெண் தான் அடித்ததை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள், நான் அதைப் பார்த்து அடித்தேன், மன்னிக்கவும். ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. அந்த மாடியில் நான் தப்பில்லாமல் முடித்த ஒரே பக்கம் அதுதான்.

மேனேஜர் படித்தார். இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தார். அவளுடையது. காலையிலேயே கொடுத்துவிட்டாள் போலிருக்கிறது. கன்னடத்தில், குண்டு குண்டான எழுத்தில் நாலே வரி. நான் யாருக்கும் எதையும் காட்டவில்லை. கண் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது. அக்காவுக்கும் அதே மாதிரி இறங்கியிருக்கும். அக்கா பொய் சொல்ல மாட்டார், அவரைக் கேளுங்கள்.

“மேட்ச் ஆகலியேம்மா” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. தினமும் சாயங்காலம் சிவப்புக் கோட்டைப் பார்த்துச் சொல்லுகிற அதே குரலில் சொன்னார். “ரெண்டுல ஒண்ணு தப்பு. எது?”

நான் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். டாய்லெட் நோட்டில் நக்கல் எழுதினவள், இதே அறையில் பத்து நாளுக்கு முன்னால் கத்தினவள். அந்தக் கோபம் அன்றைக்கு எங்கே போய்ப் படுத்துக்கொண்டதோ தெரியவில்லை. எனக்கே கேட்காத குரலில், “அவ எழுதினதுதான் சார்” என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். அவள் தாளின் மூலையில் சிவப்புப் பேனாவால் ஏதோ எழுதினார். “நல்ல கை அது. அனுப்ப மாட்டேன். பாண்ட்ல ஒரு கண்டிஷன் இருக்கு, ஒழுங்கீனம் நடந்தா மறுபடி மொதல்லேர்ந்து மூணு வருஷம். ஒத்துண்டிருந்தா அவளையும் அனுப்பியிருக்கணும். ஒத்துக்கலையே.” சொல்லிக்கொண்டே எழுந்து, பெல்ட்டிலிருந்த சாவியால் பீரோவைத் திறந்தார். அடுக்கில் மூலை மடங்கிய உறையை நான்தான் கைகாட்டினேன். எண்ணிப் பார்த்துக்கொள் என்றார். எஸ்.எஸ்.எல்.சி., பி.யு.சி., பி.ஏ. மூன்றும் இருந்தன. எனக்குப் போன மூச்சு திரும்பி வந்த மாதிரி இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நிமிஷம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பக்கத்து அறையில் கீபோர்டு சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதில் எது அவளுடைய கை என்று எனக்குத் தெரியும், ஆனாலும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். சாயங்காலம்வரை ஏன் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன் என்று நம்ப எனக்கு ஆசை. நாளைக் காலை மேனேஜரே அவளைக் கூப்பிட்டுச் சொல்லுவார், அதற்கு முன்னால் என் வாயால் சொல்லிவிட வேண்டும். வாக்கியத்தைக்கூடத் தயார் செய்து வைத்திருந்தேன்.

அவள் ஓடி வந்தாள். என் மடியிலிருந்த பழுப்பு உறையைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த டிபன் பையைக் கீழே போட்டுவிட்டு என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

“குடுத்துட்டாருங்களா! நாந்தான் சொன்னனுங்களே அக்கா! நெசத்தச் சொன்னா குடுத்துருவாருன்னு நாந்தான் சொன்னனுங்களே!”

நான் வாயைத் திறந்தேன். பஸ் வந்துவிட்டது. அவள் முதலில் ஏறி, கூட்டத்தில் முண்டியடித்து ஓர் இடம் பிடித்து, உறை கசங்கிவிடப் போகிறது என்று என்னை ஜன்னலோரம் உட்காரச் சொன்னாள். நான் உட்கார்ந்தேன். என் ஸ்டாப் வரும்வரை அவள் வழியெல்லாம் நர்சிங் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். இன்னும் நாலே மாசமுங்க்கா, நாலே மாசம் என்று விரலை மடக்கிக் காட்டிக்கொண்டே வந்தாள்.